வாகனத்துக்கும் வேண்டும் ஒரு வில்லங்கச் சான்று

பெர்லின் நகரத்தைச் சேர்ந்த சைமன் வெக்கர்ட் என்னும் கலைஞர், 99 கைப்பேசிகளை ஒரு சிறிய சிவப்புக் கைவண்டியில் குவித்து, வாகனப் போக்குவரத்து அதிகமில்லாத தெருக்களின் வழியே அதை நிதானமாக இழுத்துக்கொண்டு நடந்தார். கைப்பேசிகள் யாவும் கூகுள் வரைபடத்துடன் தொடர்பில் இருந்தபடியால், அத்தனை வாகனங்கள் நகர வழியின்றி ஊர்ந்துகொண்டிருப்பதாக எங்கோ இருந்த கணினிகள் தீர்மானித்தன; பச்சையாகத் தெரிந்த தெரு வரைபடத்தில் சிவப்பாயிற்று. 2020 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட அந்தக் காணொளியைப் பார்த்து உலகம் சிரித்தது. அந்த வேடிக்கையில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, எவருடைய கடவுச்சொல்லும் களவாடப்படவில்லை, வண்டியில் இருந்த கைப்பேசிகளில் ஒன்றுகூடப் போலியன்று என்பதையும், ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் தன் வேகத்தையும் உள்ளது உள்ளபடியே சொல்லிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தால், 99 மெய்கள் கூடி ஒரு முழுப் பொய்யை உண்டாக்கிய விந்தை விளங்கும்.

மோட்டார் வாகனங்கள் தங்களுக்குள்ளும், சாலையோரச் சாதனங்களோடும், தயாரிப்பாளரின் கணினிகளோடும் ஓயாமல் உரையாடத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அவற்றின் பாதுகாப்பைப் பற்றிய பேச்செல்லாம் பூட்டையும் சாவியையும் பற்றியதாகவே இருந்து வருகிறது. பூட்டு அவசியந்தான். ஆனால் பூட்டு நன்றாக இருப்பதை வைத்து வீட்டுக்குள் இருப்பவரின் யோக்கியதையை யாரும் நிச்சயிப்பதில்லை. ஒரு வலைப்பின்னலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளக்க விரும்புவோர், அந்த நம்பிக்கை எப்படிக் கொடுக்கப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், தவறு நேர்ந்தபோது அதை யார், எத்தனை நாளில், எந்த அதிகாரத்தைக்கொண்டு திரும்பப் பெற முடியும் என்று கேட்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். திரும்பப் பெற இயலாத நம்பிக்கையின்மேல் வாகனங்களை ஓடவிட்ட வரலாறுதான் நம் கண்முன் இருக்கிறது.

அந்த வரலாறு குற்றமற்ற ஒரு நல்ல யோசனையிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்திய 'கேன்' என்னும் முறை, வாகனத்துக்குள் கட்டுக்கட்டாக ஓடிய செப்புக் கம்பிகளின் பாரத்தைக் குறைத்து, எஞ்சின், பிரேக், விளக்கு, கதவு முதலியவற்றின் சிறு கணினிகளையெல்லாம் ஒரே இணைக் கம்பியில் கோத்துவிட்டது. அக்கம்பியில் ஒரு சாதனம் அனுப்பும் செய்தி எல்லாச் சாதனங்களுக்கும் கேட்கும். செய்தியின் தலைப்பில் அது எதைப் பற்றியது என்று காட்டும் ஓர் எண் உண்டே தவிர, அனுப்பியது யார் என்ற குறிப்புக் கிடையாது. இரண்டு செய்திகள் ஒரே சமயத்தில் புறப்பட்டால் சிறிய எண்ணுடையது முந்தும், மற்றது காத்திருக்கும். எட்டே பைட்டுகளில் காரியத்தை முடிக்கும் அந்தச் சிக்கனமும், நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பிரேக்கின் சேதி போய்ச் சேர்ந்துவிடும் அந்த ஒழுங்கும் பொறியியலின் அழகுகளில் வைத்து எண்ணத்தக்கவை. அனுப்புவோரைச் சோதிக்க அதில் வழி வைக்கவில்லையே என்று இன்று குறைகூறுவது நியாயமாகாது. உலோகக் கூட்டுக்குள் மூடிக்கிடந்த அந்தக் கம்பியில் அந்நியர் யாரும் பேசப்போவதில்லை என்ற அனுமானம் அன்றைக்குச் சரியாகவே இருந்தது.

பிறகு கூடு திறந்துகொண்டது. பழுது பார்க்கும் மெக்கானிக் தன் கருவியைச் செருகுவதற்கென்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துவாரம் வந்தது. பாட்டுக் கேட்க ப்ளூடூத் வந்தது. விபத்து நேர்ந்தால் தானே உதவிக்கு அழைக்கும் பொருட்டு சிம் அட்டையும் வந்தது. சௌகரியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, உள்ளே இருந்த பழைய அனுமானத்தை மறுபரிசீலனை செய்வது ஒருவர் வேலையாகவும் இல்லை. ஏனெனில் ரேடியோவைச் செய்பவர் ஒருவர், பிரேக்கைச் செய்பவர் வேறொருவர், இரண்டையும் வாங்கிப் பூட்டித் தம் பெயரைப் பொறிப்பவர் மற்றொருவர்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் ஒரு சாதாரணக் காரின் உள்வலையில் நுழைந்து அதன் பிரேக்கைச் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். உள்ளே கையை விட்டுச் செய்த காரியந்தானே என்று தொழில்துறையினர் அதை அலட்சியம் செய்யவே, அதே குழுவினர் 2011-இல், கம்பியைத் தொடாமலே, ப்ளூடூத் வழியாகவும், ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாகவும், வஞ்சகமாகத் திருத்தப்பட்ட பாட்டு ஒன்று பதிந்த குறுந்தகட்டின் வழியாகவும் அதே காரைத் தம் வசப்படுத்த முடியும் என்று நிரூபித்தார்கள். காரின் பெயரையோ தயாரிப்பாளரின் பெயரையோ அவர்கள் வெளியிடவில்லை. உரியவர்களுக்கு மட்டும் ரகசியமாகத் தெரிவித்தார்கள். அது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் என்பதும், குறையை முழுமையாக நீக்க அந்நிறுவனத்துக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதும் 2015-இல்தான் வெளியாயின. நிறுவனம் கெட்ட எண்ணத்தால் தாமதித்தது என்று நான் கருதவில்லை. விற்றுப்போன வாகனத்துக்குள் இருக்கும் மென்பொருளை எட்டிப் பிடித்துத் திருத்தும் வழி அதனிடம் இல்லை என்பதே கசப்பான உண்மை. நம்பிக்கையைக் கொடுத்தாயிற்று, மீட்பதற்குக் கருவி இல்லை.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் நடந்த ஜீப் செரோக்கி சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில் ஆண்டி கிரீன்பெர்க் என்னும் பத்திரிகையாளர் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்த வாகனத்தின் குளிர்சாதனத்தையும் ரேடியோவையும் கண்ணாடித் துடைப்பானையும் இயக்கிவிட்டு, கடைசியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் கூடாதபடி செய்துவிட்டவர்கள், வெகுதூரத்தில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இருவர். சக்கரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொழுதுபோக்குச் சாதனத்தில் கைப்பேசி வலைப்பின்னலின் பக்கமாகத் திறந்து கிடந்த ஒரு வாயில் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அழைத்தது என்பதற்கு இங்கே பொருள், திருத்திய மென்பொருளை ஒரு யூஎஸ்பி குச்சியில் அடைத்து உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பியது என்பது. தபாலில் வரும் குச்சியை எடுத்துக் காரில் செருகு என்று லட்சக்கணக்கான பேருக்குக் கற்றுக்கொடுப்பது பின்னொரு நாள் வரப்போகும் வேறொரு வஞ்சகனுக்கு வாசல் தெளித்துக் கோலமிட்டு வைப்பதற்குச் சமானம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள், சொன்னதில் தவறில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கீன் ஆய்வகத்தார் டெஸ்லா காரின் பிரேக்கைப் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து இயக்கிக் காட்டியபோது, டெஸ்லா நிறுவனம் பத்து நாட்களுக்குள் வான்வழியாகவே திருத்தத்தை அனுப்பி, உள்ளே ஏறும் மென்பொருளில் தன் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கத்தையும் அத்துடன் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார், டெஸ்லா கார் இரண்டிலும் ஓட்டை இருந்தது. ஓட்டையின் தன்மையில்கூடப் பெரிய பேதமில்லை. ஐந்து ஆண்டுக்கும் பத்து நாளுக்கும் இடையிலுள்ள தூரமே இரண்டு நிறுவனங்களின் நம்பகத்தன்மைக்கு நமக்குக் கிடைத்த மெய்யான அளவு. விளம்பரத்தில் அச்சிடப்படும் நட்சத்திரங்கள் எதுவும் அதைத் தெரிவிப்பதில்லை.

தவறை எடுத்துச் சொல்பவரை நடத்தும் விதமும் அளவில் சேரவேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் மூவர், பல கோடி ரூபாய் விலையுள்ள சொகுசு வாகனங்கள் உட்பட எத்தனையோ கார்களின் திருட்டுத் தடுப்புச் சில்லான மெகாமோஸ் என்பதன் பலவீனத்தைக் கண்டறிந்து, சில்லைச் செய்தவருக்கு 2012-லேயே அறிவித்தும், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்று அவர்களுடைய கட்டுரையை நிறுத்திவைத்தது. ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அக்கட்டுரை 2015-இல் வெளிவந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வாகனங்கள் அந்தச் சில்லோடுதான் தெருவில் நின்றன. வாங்கியவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

இதுவரை சொன்னது ஒரு வாகனத்துக்கும் அதைச் செய்தவருக்கும் இடையிலான விவகாரம். ஒன்றையொன்று முன்பின் அறியாத வாகனங்கள் நடுச்சாலையில் சந்தித்துப் பேசிக்கொள்ளும்போதுதான் நம்பிக்கை என்னும் விஷயம் உண்மையிலேயே சிக்கலாகிறது. அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறையின்படி ஒவ்வொரு வாகனமும் விநாடிக்குப் பத்துத் தடவை, தான் இருக்கும் இடம், போகும் திசை, வேகம், பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரங்களைச் சுற்றிலும் சில நூறு மீட்டர் தூரத்துக்குக் கேட்கும்படி அறிவித்துக்கொண்டே செல்லவேண்டும். முன்னே செல்லும் லாரிக்கும் அப்பால் ஒரு கார் சட்டென்று நின்றுவிட்டது என்பதை, கண்ணுக்குத் தெரியுமுன் காது கேட்டுவிடும், மோதல் தவிரும். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் கார் இத்தகைய வசதியோடு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவிலோ 1999 முதல் இதற்கென ஒதுக்கிவைத்திருந்த 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 45-ஐ 2020 நவம்பரில் வைஃபைக்குத் திருப்பிவிட்டார்கள். யந்திரத்தைக் காட்டிலும் ராஜாங்கம் மெதுவாக நகர்வதன் பலன்களில் அதுவும் ஒன்று.

இப்படிக் காதில் விழும் செய்தியை ஏன் நம்பவேண்டும்? ஒவ்வொரு செய்தியின் கீழும் டிஜிட்டல் கையொப்பம் ஒன்றும், அக்கையொப்பத்துக்கு உரிய சான்றிதழும் இருக்கும் என்பது பொறியாளர்கள் சொல்லும் விடை. அந்த விடையின் எல்லையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகும்போது, இன்னார்தான் நேரில் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கு அரசாங்கம் சாட்சியாகிறது. நிலம் அவருடையதுதானா என்பதற்கு அது சாட்சியன்று. ஆகையினால்தான் நிலம் வாங்குபவர் பத்திரத்தின் முத்திரையைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்க்கிறார். டிஜிட்டல் கையொப்பமும் பத்திரப் பதிவைப் போன்றதே: பேசுவது பதிவுபெற்ற ஒரு சாதனம் என்றும், வழியில் யாரும் செய்தியைத் திருத்தவில்லை என்றும் மட்டும் அது உறுதி கூறும். அச்சாதனத்தின் உணர்கருவி கெட்டுப்போயிருக்கலாம். அதை வைத்திருப்பவர் முன்சாலை காலியாகவேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லவைக்கலாம். அப்பொழுதும் கையொப்பம் கணக்குப்படி செல்லும்.

பொய்யைக் கண்டுபிடிக்கக் கேட்கும் வாகனமே தன் ராடாரையும் காமிராவையும் கொண்டு சரிபார்த்துக்கொள்ளட்டுமே என்பார்கள். ஐம்பது மீட்டர் முன்னால் நிற்பதாகச் சொல்லும் வாகனம் ராடாரில் தென்படவில்லையானால் அந்தச் செய்தி சந்தேகத்துக்குரியது. ஒரு நொடிக்குள் அரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிட்டதாகச் சொல்லும் வாகனம் சாலையில் ஓடுவதாக இருக்க முடியாது. இந்தச் சோதனைகள் பயனுள்ளவையே. என்றாலும், இந்தத் துறையின் தர்மசங்கடம் இங்கேதான் இருக்கிறது: கண்ணுக்கும் ராடாருக்கும் எட்டாத இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கென்றுதானே இத்தனை ஏற்பாடும்? தெருமுனைக்கு அப்பால் வரும் வாகனத்தைப் பற்றிய செய்தி எந்த இடத்தில் நமக்கு மிகுதியும் தேவையோ, அந்த இடத்தில்தான் அதைச் சரிபார்க்க நம்மிடம் ஒன்றுமில்லை. பல வாகனங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம் என்று விதி செய்தாலோ, ஒரே ஆள் பல வாகனங்களாக வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடும். ஜான் டூசர் என்னும் கணினி அறிஞர் 2002-இல் இவ்வகை வஞ்சனையை ஆராய்ந்து, அடையாளங்களை வழங்குவதற்கு நடுவில் ஓர் அதிகாரம் இல்லாதவரையில் இதை அடியோடு தடுப்பது நடைமுறையில் இயலாது என்று காட்டினார்.

அப்படியானால் வாகனத்துக்கு ஒரே ஒரு நிரந்தரச் சான்றிதழைக் கொடுத்துக் கட்டிப்போட்டுவிடலாமே என்றால், விநாடிக்குப் பத்து முறை தன் பெயரையும் இருப்பிடத்தையும் கூவிக்கொண்டு செல்லும் வாகனத்தின் சொந்தக்காரர் எந்த மருத்துவரிடம் போனார், எந்த வழக்கறிஞரைச் சந்தித்தார், இரவில் எங்கே தங்கினார் என்பதெல்லாம் சாலையோரத்தில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்கப் பொறியாளர்கள் கண்ட பரிகாரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இருபது புனைபெயர்ச் சான்றிதழ்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு போனால், இந்தத் தெருவில் பேசிய வாகனமும் அடுத்த தெருவில் பேசும் வாகனமும் ஒன்றே என்று வழிப்போக்கர் கண்டுகொள்வது அரிது. சான்றிதழுக்கு விண்ணப்பம் வாங்கும் அமைப்பு வேறு, சான்றிதழைச் செய்யும் அமைப்பு வேறு, புனைபெயர்களை ஒன்றோடொன்று தொடுக்கும் ரகசியத்தை இரண்டாகப் பங்கிட்டு வைத்திருக்கும் அமைப்புகள் வேறு. இவற்றில் எதுவும் தனியாக நின்று ஒரு வாகனத்தைப் பின்தொடர முடியாது. முறைகேடான செய்திகளைப் பற்றிய புகார்கள் குவியும்போது மட்டும், அவை கூடிச் செயல்பட்டு, அந்த வாகனத்தின் புனைபெயர்கள் அத்தனையையும் ஒரேயடியாக ரத்து செய்ய வழி வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தையும் நீதியையும் பிரித்து வைத்த அரசியல் சாசனங்களின் விவேகம் பொறியியலுக்குள் வந்து புகுந்திருப்பதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கிறது.

ஆனால் அந்த ரத்து அதிகாரந்தான் இந்த மாளிகையின் மிகப் பலவீனமான தூணும் ஆகும். எத்தனை புகார்கள் வந்தால் ரத்து செய்வது? புகார் செய்பவர்களே பொய்யர்களாய்க் கூட்டுச் சேர்ந்து ஒரு நல்ல வாகனத்தை வாயடைத்துவிட்டால் அதற்கு மேல்முறையீடு எங்கே? ரத்துப் பட்டியல் வலைத்தொடர்பு இல்லாத மலைப்பாதையில் செல்லும் வாகனத்துக்கு எப்போது போய்ச் சேரும்? சான்றிதழ் வழங்கும் முறையைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் இக்கேள்விகளுக்கு நடைமுறையில் கிடைத்திருக்கும் விடை சொற்பமே. நம்பிக்கையைக் கொடுப்பதில் காட்டிய உற்சாகத்தில் பாதியைக்கூட அதைத் திரும்பப் பெறுவதில் மனிதர்கள் எந்தக் காலத்திலும் காட்டியதில்லை போலும்.

அதிகாரம் பெற்றவரே தவறாக நடந்தால் கையொப்பமும் கணக்கும் என்ன செய்யும் என்பதற்கு டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 2010-இல் நடந்ததே போதும். தவணைப் பணம் கட்டாதவர்களின் காரைத் தூரத்திலிருந்தே கிளம்பவொட்டாமல் நிறுத்தும் சாதனத்தை விற்ற வண்டிகளிலெல்லாம் பொருத்தி வைத்திருந்த ஒரு வியாபாரியிடம் வேலையிழந்த இளைஞர் ஒருவர், சக ஊழியரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்து, நூற்றுக்கு மேற்பட்ட கார்களை முடக்கிவிட்டார். சில கார்களின் ஒலிப்பான்கள் பாட்டரியைக் கழற்றும்வரை ஓயாமல் அலறின. தவணை ஒழுங்காகக் கட்டியவர்களும் அன்று அலுவலகம் போகமுடியவில்லை. தூரத்திலிருந்து வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை உண்டாக்கிய அன்றே, அது யார் கைக்கெல்லாம் போகக்கூடும் என்ற கேள்வியையும் உண்டாக்கிவிட்டோம்.

நார்வே நாட்டின் தலைநகரப் போக்குவரத்து அமைப்பான ரூட்டர், 2025-இல் சீனத் தயாரிப்பான யூடாங் மின்பேருந்து ஒன்றை வெளிச் சமிக்ஞை எதுவும் எட்டாத மலைக்குள் கொண்டுபோய்ச் சோதித்து, மென்பொருள் புதுப்பித்தலுக்காகத் தயாரிப்பாளருக்குத் திறந்திருந்த வழி அந்தப் பேருந்தின் மின்கலக் கட்டுப்பாடு வரையில் போகிறது என்று வெளியிட்டது. தயாரிப்பாளர் அவ்வழியைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டில்லை. பயன்படுத்த முடியும் என்பதே கண்டுபிடிப்பு. அமெரிக்க வர்த்தகத் துறையோ 2025 ஜனவரியில் ஒரே விதியில், சீனா, ரஷ்யா ஆகிய நாடுகளோடு தொடர்புடைய வாகன இணைப்பு மென்பொருளை 2027-ஆம் மாடல் ஆண்டிலிருந்தும், வன்பொருளை 2030-லிருந்தும் விலக்கிவிட்டது. சத்துருவை அவன் பிறந்த தேசத்தைக்கொண்டு அடையாளம் காண்பது அரசுகளுக்குச் சுலபமான வழி. ஆஸ்டின் நகரத்துக் காரியத்தைச் செய்தவர் உள்ளூர்க்காரர் என்பதை மட்டும் அந்த வழி மறந்துவிடுகிறது. நார்வேக்காரர்கள் செய்தது மேலான காரியம். பேருந்தைச் சோதித்தார்கள், கண்டதைச் சொன்னார்கள், வாங்கும் நிபந்தனைகளைக் கடுமையாக்கினார்கள். சென்னையிலும் 2025 ஜூன் முதல் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மின்பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றைத் தயாரித்தவர் இந்தியராக இருப்பதனால் அதே சோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் மன்றம் 2020 ஜூனில் ஏற்றுக்கொண்ட 155-ஆம் விதி, இந்தத் துறையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் புத்திசாலித்தனமானது. இன்ன பூட்டைப் போடு என்று அது சொல்வதில்லை. வாகனம் தெருவில் ஓடும் காலம் முழுவதும் அபாயங்களைக் கவனித்துக்கொண்டிருக்கவும், கண்டவற்றைத் திருத்தவும், அதற்கான நிர்வாக ஏற்பாட்டைப் பரீட்சைக்கு உட்படுத்தவும் தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கப்படும் புது வாகனங்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். பழைய மின்னணு அமைப்பைக் கொண்ட பெட்ரோல் மக்கான் காரை அந்த விதிக்கு ஏற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று போர்ஷே நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு கார், எஞ்சினிலோ பிரேக்கிலோ குறையில்லாமல், நம்பிக்கைக் கணக்கில் தேறாமல் சந்தையை விட்டுப் போனதை, சட்டத்துக்குப் பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடையாளமாகக் கொள்ளலாம்.

இந்தியாவில் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டும் என்ற விதி 2019 ஜனவரி முதல் புதிய வாகனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள தொழிற்சாலையிலிருந்து ஹூண்டாய் வென்யூ, கைப்பேசியோடு பேசும் காராக வெளிவந்தது. அன்றிலிருந்து பத்து லட்ச ரூபாய்க்குச் சற்று முன்பின் விலையுள்ள கார்களிலேயே சிம் சர்வசாதாரணமாகிவிட்டது. கணினி ஊடுருவல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் ஆணை சொல்கிறது. ஆனால் அறிவிப்பு அரசாங்கத்துக்குப் போகிறதேயன்றி, கார் வைத்திருப்பவருக்கு வந்து சேரவேண்டும் என்று அந்த ஆணையில் இல்லை. நம்முடைய தகவல் தொழில்நுட்பச் சட்டமோ, பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதை நல்ல நோக்கம், கெட்ட நோக்கம் என்று பாராமல் நஷ்டஈட்டுக்குரிய செயலாக 43-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததாகக் கருதப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி சிறைவாசமும் உண்டு. தன் சொந்தக் காரின் செயலி யாருடைய கணினியோடு என்ன பேசுகிறது என்று ஆராயப் புறப்படும் ஒரு பொறியியல் மாணவர் அந்த எல்லைக்கோட்டின்மேல்தான் நடக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கா 2015-இல் தன் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வாகன மென்பொருளின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு விலக்களித்தது. அத்தகைய நல்லெண்ண ஆராய்ச்சிக்கு இங்கும் வெளிப்படையான சட்டப் பாதுகாப்பு இல்லாதவரை, குறைகள் கள்ளர்களுக்கு முதலிலும் நமக்குக் கடைசியிலும் தெரியவரும்.

ஆட்களின் ரகசியத்தைப் பற்றிய வாதத்தை நீட்டவேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ எட்டு லட்சம் மின்கார்களின் தகவல்கள் காவலில்லாமல் கிடந்ததும், அவற்றில் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் எங்கே நின்றன என்பதுவரை துல்லியமாகத் தெரிந்ததும் 2024 டிசம்பரில் ஜெர்மனியில் வெளியான செய்தி. அதை வெளிக்கொணர்ந்தவர்கள் கேயாஸ் கணினி மன்றம் என்னும் தன்னார்வலர் சங்கத்தார்; நிறுவனத்தின் சான்றளிப்பாளர்கள் அல்லர்.

ஆகவே வாகனத்தின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்கத்தக்க ஒரு பொதுப் பதிவேடு வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் யோசனை. இன்ன மாடலில் இன்ன குறை எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது, எந்தத் தேதியில் திருத்தப்பட்டது, திருத்தம் எத்தனை வாகனங்களைச் சென்றடைந்தது, மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டு வரையில் உண்டு, தூரத்திலிருந்து வண்டியை நிறுத்தும் அதிகாரம் எவரெவரிடம் இருக்கிறது என்ற விவரங்களை மட்டும் அரசாங்கம் வாங்கி வெளியிட்டால் போதும்; தரமும் நட்சத்திரமும் கொடுக்கும் வேலையை வாங்குபவர்களே பார்த்துக்கொள்வார்கள். குறைகளை வெளியிட்டால் திருடர்களுக்கு உதவியாகிவிடும் என்ற பழைய ஆட்சேபம் எழும். திருத்தப்பட்ட பின்போ, நியாயமான அவகாசம் கடந்த பின்போ வெளியிட்டால் அந்த ஆட்சேபத்துக்கு இடமில்லை.

அந்தப் பதிவேட்டைத் தொடங்குவதற்கு முன்பே, செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனைக் குழுத் தலைவர் ஒருவர், தாம் விற்றுப் பல ஆண்டுகள் ஆன காரைத் தம் கைப்பேசிச் செயலியிலிருந்து இன்னும் திறக்கமுடிகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் முடிகிறது என்பதை 2017-இல் மேடையிலேயே தெரிவித்தார். பழைய கார்ச் சந்தை புதுக் கார்ச் சந்தையைவிடப் பெரிதாக வளர்ந்துவரும் நம் நாட்டில், பெயர் மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கும் 29, 30-ஆம் எண் படிவங்கள், விற்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் முகவரியையும் கேட்கின்றனவே தவிர, விற்பவரின் செயலித் தொடர்பு துண்டிக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. அந்தப் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்து, பெயர் மாற்றம் பதிவான மறுகணமே முந்தைய உரிமையாளரின் அனுமதிகள் அத்தனையையும் ரத்து செய்யும்படி தயாரிப்பாளருக்கு அரசின் 'வாகன்' பதிவு இணையதளத்திலிருந்து தானாகவே தகவல் போகச் செய்வதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியிராது.